ஹம்மாம்லிஃப் ஆபீஸ்

மாடிக்கு வரச்சொல்லி ஆள் வந்தபோது ரௌதா போனில் ஒரு மேஸ்திரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி கேட்டது வெள்ளை டைல்ஸ், போய்ச் சேர்ந்தது முட்டையோட்டு நிறம்.

"வீட்டுக்காரம்மாகிட்ட இது ராசியான வெள்ளைன்னு சொல்லுங்கண்ணே. ஒட்டிப் பாருங்க, பிடிக்கலைன்னா நானே வந்து பேத்துத் தரேன்" என்று சொல்லி அவனையும் சிரிக்கவைத்துவிட்டுப் போனை வைத்தாள். அந்தக் கம்பெனிப் போனில் அவள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

துனிஸ் நகரிலிருந்து தெற்கே போகிற சாலையில் இருந்தது கம்பெனி. டைல்ஸ், வாஷ்பேசின், குழாய். இருபத்திரண்டு வருஷமாக ஆர்டர் போன் அவள் மேஜையில்தான். பழைய முதலாளி போன வருஷம் கண்ணை மூடினார். வெளிநாட்டில், லியோனில் படித்துக்கொண்டிருந்த மகன் அனீஸ் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். சின்ன வயதில் அந்த அனீஸ் ரௌதாவின் மேஜைக்கடியில் உட்கார்ந்து அவளுடைய ஆரஞ்சு ஜூஸைக் குடித்தவன். அன்றிலிருந்து அவளை "அத்தை" என்றுதான் கூப்பிடுவான்.

"உட்காருங்க மேடம்" என்றான் அனீஸ்.

மேடமா? அத்தை எங்கே போயிற்று? மேஜையில் பக்லாவா இனிப்பு டப்பாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. வேலை போவது நமக்கு மட்டும் இல்லை, இன்னும் ஆள் இருக்கிறது என்று புரிந்துகொண்டாள்.

"நீங்க எங்க குடும்பத்துல ஒருத்தர் மாதிரி. இந்த முடிவு எடுக்க எனக்கு எவ்வளவு கஷ்டமா இருக்குன்னா..."

"குடும்பத்துல ஒருத்தரை வீட்டை விட்டு அனுப்புவாங்களாப்பா?"

"அது... இனிமே ஆர்டரெல்லாம் கம்ப்யூட்டர்லயே போட்டுக்கலாம். அதான்."

"மேஸ்திரிங்க சண்டையும் கம்ப்யூட்டர்லயே போட்டுப்பாங்களா?"

அனீஸ் ஒரு டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினான். அவன் அப்பா கல்யாணத்துக்கும் குழந்தை பிறப்புக்கும் பக்லாவா கொடுப்பார். பையன் அந்த வழக்கத்தை மட்டும் எங்கேயோ ஞாபகம் வைத்திருந்தான், எதற்குக் கொடுப்பது என்பதை மறந்துவிட்டான்.

படியில் இறங்கும்போது கணக்குப் பிரிவு நஜியா ஏறி வந்துகொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் ஏசி. நஜியாவுக்குக் குளிர் ஆகாது, ரௌதாவுக்குப் புழுக்கம் ஆகாது. ஒருநாள் நஜியா ரிமோட்டைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டாள். அன்றோடு எல்லாம் முடிந்தது. இப்போது ரௌதாவின் கையிலிருந்த டப்பாவை நஜியா பார்த்தாள். நஜியாவின் முகத்தை ரௌதா பார்த்தாள். வாயைத் திறந்து ஏதாவது சொல்லலாமா என்று தோன்றுவதற்குள் இரண்டு பேரும் கடந்துபோய்விட்டார்கள்.

பஸ்ஸில் நின்றபடியே ரௌதா நான்கு பக்லாவா தின்றாள். அழுகை வரவில்லை. பக்லாவா நன்றாகவே இருந்தது, அதுதான் அவளுக்கு எரிச்சல்.

அழுகை மறுநாள் வந்தது, குளியலறையில். பார்தோவில் அவர்கள் வீட்டுக் குளியலறைச் சுவர் முழுக்கக் கம்பெனி டைல்ஸ். நீலப் பூப் போட்டது. அவளே பொறுக்கி எடுத்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பூ. கணவன் லொத்ஃபி கதவைத் தட்டி, "ரௌதா, சுவரை வேணா இடிச்சுரலாம், வெளிய வா" என்றான். அவன் மெட்ரோ பணிமனையில் மெக்கானிக். எதையும் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்று நம்புகிறவன்.

முதல் வாரம் துக்கம் விசாரிக்க வருவதுபோல ஆட்கள் வந்தார்கள். மேல்வீட்டு கமர் அம்மா ஒரு சட்டி ம்லூக்கியா குழம்போடு வந்து, "எல்லாம் நல்லதுக்குத்தான்மா" என்றாள். லொத்ஃபியின் தங்கை ஸல்வா கட்டிப்பிடித்து அழுதாள். சஃபாக்ஸில் படிக்கிற மகள் ரீம் தினமும் போன் செய்து, "அம்மா, ஓய்வெடு. உனக்காக வாழு" என்றாள். உனக்காக வாழ்வது எப்படி என்று மட்டும் சொல்லவில்லை. அடுத்த வாரம் பரீட்சையாம்.

இரண்டாம் வாரம் காற்று திசை மாறியது.

முதலில் கமர் அம்மா. "நாளைக்கு எனக்கு முட்டிவலிக்கு ஆஸ்பத்திரி போகணும். நீ சும்மாதானே இருக்கே, கூட வாயேன்." போனாள். வரிசையில் அரைநாள் போயிற்று. அடுத்த நாள் கமர் அம்மாவின் நாத்தனாருக்குக் கண். அப்புறம் லொத்ஃபியின் சித்தப்பாவுக்கு நகராட்சியில் ஒரு சான்றிதழ். "சும்மா இருக்கிற ஆள் நம்ம வீட்லயே இருக்கும்போது எதுக்கு அலையணும்?" என்று சித்தப்பா மகிழ்ந்துபோனார். இத்தனை வருஷம் வேலையிடத்தில் ரொட்டிக்குள் சூரைமீன் வைத்துத் தின்ற லொத்ஃபிக்குக்கூடத் திடீரென்று மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வர வழி தெரிந்துவிட்டது. சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டு, "இதுல ஒரு சுகம் இருக்கு" என்று பல் குத்தினான்.

எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டது ஸல்வாதான். அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள், நடக்கப் பழகிய புதிது. காலையில் கொண்டுவந்து விடுவாள். "ஒரு மணி நேரம் அண்ணி" என்பாள். ஸல்வாவின் ஒரு மணி நேரம் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை நீளும். ஒருத்தன் நாற்காலியில் ஏறினால் இன்னொருத்தன் நாற்காலியை இழுப்பான். ரௌதாவின் முதுகு, டைல்ஸ் பெட்டி சுமந்தவளுக்கு வலிப்பதுபோல வலித்தது. கம்பெனியில்கூட டீ குடிக்க ஓர் இடைவேளை உண்டு. இங்கே அதுவும் இல்லை. வேலை போனபிறகு அவளுக்கு வந்து சேர்ந்த வேலைக்கு அளவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஸல்வா கண்ணில் ஒளியோடு வந்தாள்.

"அண்ணி, சந்தோஷமான சேதி! மருந்துக்கடையில முழுநேரமா வரச்சொல்லிட்டாங்க. நான் சரின்னுட்டேன். பசங்களை நீங்க பார்த்துப்பீங்கன்னு முதலாளிகிட்டயே சொல்லிட்டேன். அக்டோபர் வரைக்கும்தான்."

அப்போது வசந்தகாலமே சரியாகத் தொடங்கியிருக்கவில்லை. ரௌதா கையில் ஒரு பிள்ளை, காலில் ஒரு பிள்ளை. லொத்ஃபி, "பலே, பலே" என்று தங்கையின் முதுகில் தட்டினான். ரௌதாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் ரௌதாவின் வாய், அவளைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"அய்யய்யோ, எனக்கும் வேலை கிடைச்சாச்சே. திங்கக்கிழமை சேரணும்."

"வேலையா? எங்க?" என்றான் லொத்ஃபி.

"ஹம்மாம்லிஃப்ல." ஏன் அந்த ஊர் பெயர் வந்தது என்று அவளுக்கே தெரியாது. பார்தோவிலிருந்து தூரம், அதுவாகத்தான் இருக்கும்.

"என்ன வேலை?"

"போன்ல பேசுற வேலை. எனக்கு வேற என்ன தெரியும்?"

லொத்ஃபி எழுந்து வந்து நெற்றியில் முத்தம் கொடுத்தான். ஸல்வா, "வாழ்த்துகள் அண்ணி" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு மருந்துக்கடை முதலாளியம்மாவின் தங்கை வீட்டில் பிள்ளைகளை விட ஏற்பாடு செய்தாள். அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது என்பது அன்றுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

திங்கட்கிழமை ரௌதா ஆபீஸ் உடுப்பு உடுத்தி, உதட்டுச்சாயம் பூசி, மெட்ரோ பிடித்து, துனிஸ் நடுவிலிருக்கும் பார்சிலோனா நிலையத்தில் மாறி, தெற்குப் பக்கத்து ரயிலில் ஏறி ஹம்மாம்லிஃப்பில் இறங்கினாள். ஒரு பக்கம் இரட்டைக் கொம்பு மலை, ஒரு பக்கம் கடல். கூட்டமே இல்லை. கடற்கரை ஓரத்தில் ஹெடி என்பவருடைய காபிக்கடை. பெண்கள் உட்காருகிற பக்கத்தில் ஒரு மூலை மேஜையைப் பிடித்து ஒரு காபி சொன்னாள்.

காபி வந்தது. அதை அவள் போடவில்லை. குடித்தாள். கோப்பையை யாரோ எடுத்துப்போனார்கள். அதை அவள் கழுவவேண்டியதில்லை. கடலைப் பார்த்தபடி உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனாள். விழித்தபோது கழுத்து பிடித்திருந்தது. ஆனாலும் இந்த மாதிரி ஒரு தூக்கம் தூங்கி எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்துப் பார்த்தாள், ஞாபகம் வரவில்லை. மாலை வீட்டுக்குப் போனதும் லொத்ஃபி கேட்டான்: "எப்படி இருந்துச்சு வேலை?"

"ரொம்ப நல்ல இடம். தொந்தரவே இல்லை" என்றாள். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

இரண்டு மூன்று நாள் இப்படி ஓடியது. அப்புறம் ஒரு காலை, ரௌதா காபிக்கடைக்குள் நுழையும்போது அவள் மேஜைக்குப் பக்கத்து மேஜையில் தோல்பையும் கோட்டுமாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நஜியா!

திரும்பிப்போக முடியாது, பார்த்துவிட்டாள். 

"நீங்களா?" என்றாள் ரௌதா. பேசாத காலத்தில் "நீ" எப்போதோ "நீங்க" ஆகிவிட்டிருந்தது.

"நானேதான். நீங்க எங்க இந்தப் பக்கம்?"

"எனக்கு இங்கதான் வேலை. இப்ப இடைவேளை."

"அப்படியா. எனக்கும் இங்கதான். எனக்கும் இடைவேளைதான்."

"நல்லது."

"நல்லது."

இருவரும் கடலைப் பார்த்தார்கள். யார் முதலில் வேலைக்குத் திரும்புவது? ரௌதா கடிகாரத்தைப் பார்த்தாள். நஜியா பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, பார்த்து, திரும்ப உள்ளே வைத்தாள். ரௌதா இன்னொரு காபி சொன்னாள். நஜியாவும் சொன்னாள். வெயில் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு நகர்ந்துவிட்டது.

"உங்க ஆபீஸ்ல இடைவேளை கொஞ்சம் தாராளமோ?" என்றாள் நஜியா.

"உங்க ஆபீஸைவிடக் கொஞ்சம் கம்மிதான் போலிருக்கு."

நஜியாவின் உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. மூக்கு வழியாகக் காபி வந்துவிட்டது. அவள் இருமிய இருமலில் ஹெடி தண்ணீர் கொண்டு ஓடிவந்தார். ரௌதா எழுந்துபோய் அவள் முதுகைத் தட்டினாள். தட்டத் தட்டத் தனக்கும் சிரிப்பு வந்து, தட்டுவதை நிறுத்திவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ரிமோட்டை என்னடி பண்ணே?" என்றாள், சிரிப்பினிடையே.

"இன்னும் வீட்ல இருக்குடி. எங்க வீட்ல ஏசியே கிடையாது" என்றாள் நஜியா.

அதோடு "நீங்க" போயிற்று.

நஜியாவின் கதை வேறு. கணவனைப் பிரிந்தபிறகு அவள் அண்ணன் ஷாத்லியோடு இருக்கிறாள். அவர் ஓய்வுபெற்ற தபால்காரர். தம் பேச்சுக்கு மறுபேச்சு பொறுக்காதவர். அந்தக் கம்பெனி வேண்டாம் என்று அவர் ஆரம்பத்திலேயே சொன்னாராம். "வேலை போச்சுன்னா, 'நான் அப்பவே சொன்னேன்'னு தினமும் சொல்லுவாரு. காலைல ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, மாத்திரை மாதிரி" என்றாள். அதனால் வேலைக்குப் போவதுபோலவே புறப்பட்டு வந்துகொண்டிருந்தாள்.

"இது நல்ல கூத்தா இருக்கே" என்றாள் ரௌதா. "வேலை இருக்குன்னு நீயும் நடிக்கிறே, நானும் நடிக்கிறேன். நீ பயத்துல, நான் தூக்கத்துக்காக."

அன்றிலிருந்து இருவரும் ஒரே மேஜை. ஷாத்லி தங்கைக்குக் கட்டிக்கொடுக்கிற மத்தியானச் சாப்பாட்டில் எப்போதும் இரண்டு முட்டை இருக்கும், ஒன்று ரௌதாவுக்கு. கடற்கரையோரம் நடந்தார்கள். பழைய கம்பெனியில் யாரைப் பற்றியெல்லாம் பேசாமல் விட்டிருந்தார்களோ, அவர்களைப் பற்றியெல்லாம் பாக்கி வைக்காமல் பேசித் தீர்த்தார்கள். சில நாள் சிரிப்பு வராது. நஜியா சட்டென்று, "நாம அங்க என்ன தப்பு பண்ணினோம்?" என்பாள். "ஒண்ணும் பண்ணலை, அதான் தப்பு" என்பாள் ரௌதா.  நஜியா வேலைக்கு எழுதிப்போட்டாள், இரண்டு இடத்தில் வயது கேட்டுவிட்டு, பிறகு கூப்பிடுகிறோம் என்றார்கள். ரௌதா எழுதிப்போடவே இல்லை. போன் மணி காதுக்குள் அடிப்பது இன்னும் நிற்கவில்லை. அது முதலில் ஓயட்டும் என்றிருந்தாள்.

மே மாதம் ரௌதாவின் பிறந்தநாள் வந்தது. அன்று வெயில் நன்றாக ஏறியிருந்தது. நஜியா, "ஐம்பதை எட்டப்போறே, இன்னும் செருப்போட கடலைப் பாக்குறியே" என்று சீண்டினாள். ரௌதா காலணிகளைக் கழற்றி, பாவாடையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். தண்ணீர் பனிக்கட்டி. "யா லத்தீஃப், ஆண்டவனே!" என்று அவள் கத்திய கத்தலில் கடற்காகங்கள் எழுந்தன. ஓர் அலை இடுப்புவரை நனைத்தது. சிரித்துக்கொண்டே திரும்பினால் மணலில் லொத்ஃபி நிற்கிறான். கையில் கேக் டப்பா.

பின்னால் அவன் சொல்லித்தான் நடந்தது தெரிந்தது. ஆச்சரியப்படுத்தலாம் என்று அரைநாள் விடுப்புப் போட்டிருக்கிறான். ஸ்டேஷனில் சிகரெட் கடைக்காரனிடம் போன் ஆபீஸ் எங்கே என்று கேட்டிருக்கிறான். "போன் ஆபீஸா? இந்தத் தெருவுல ஒரு பல் டாக்டரும் ஒரு மீன்கடையும்தான்" என்றானாம் அவன். பல் டாக்டரிடம்கூடப் போய்க் கேட்டிருக்கிறான்.

"இதுதான் உன் ஆபீஸா?" என்றான் லொத்ஃபி.

ரௌதா தண்ணீரிலேயே நின்றாள். நஜியா மெதுவாக எழுந்து, "நான் போய்க் காபி சொல்றேன்" என்று கடைப்பக்கம் நழுவினாள்.

"தினமும் இங்கதான் வர்றியா? நான் காலைல உனக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பறேன், நீ கடல்ல குதிச்சுக்கிட்டு இருக்கியா? என்கிட்டயே பொய்யா ரௌதா?"

"பொய்தான்."

"ஏன்? நான் என்ன ஊரான் வீட்டு ஆளா?"

"ஒருநாள் நான் ஒண்ணுமே செய்யாம உட்காரணும்னு சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

"ஏன் விடமாட்டேன்?"

"நீயா? மத்தியானம் எங்க சாப்பிட்டிருப்பே?"

 அலை வந்து லொத்ஃபியின் காலிலிருந்த சப்பாத்தை நனைத்தது. அவன் கவனிக்கவில்லை.  ரௌதா நனைந்த பாவாடையைப் பிழிந்துகொண்டே பேசினாள்.

"அங்க இருபத்திரண்டு வருஷம், 'நீ குடும்பம், நீ குடும்பம்'னாங்க. ஒருநாள் மாடிக்குக் கூப்பிட்டு முடிச்சுட்டாங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கலை. சரின்னு வீட்டுக்கு வந்தேன். இங்கயும் குடும்பம்தான். இவ கேப்பா, அவ கேப்பா. ஆனா உனக்கு என்ன வேணும்னு யாரு கேட்டீங்க? எனக்கு வேலை போச்சு லொத்ஃபி. கை உடைஞ்ச மாதிரி இருந்துச்சு. உடைஞ்ச கையில ஆளுக்கொரு பையைத் தொங்கவிட்டீங்க."

லொத்ஃபி நனைந்த சப்பாத்தோடு அப்படியே மணலில் உட்கார்ந்தான். வெகுநேரம் கேக் டப்பாவின் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான். கடைசியில் சொன்னான்:

"எனக்குக் கையில வேலையில்லாம உட்காரத் தெரியாது. உனக்கும் தெரியாதுன்னு நினைச்சுட்டேன்." கொஞ்சம் கழித்து, "மேல வா. உதடெல்லாம் நீலமாயிடுச்சு. கேக்ல உன் பேரைத் தப்பா எழுதிட்டான், அதையும் பாரு" என்றான்.

மூன்று பேரும் ஹெடியின் கடையில் கேக் தின்றார்கள். ஹெடிக்கும் ஒரு துண்டு. அவர் தின்றுகொண்டே, "இந்த ரெண்டு அம்மாவும் ஒரு காபிக்கு ஒரு பகல் உட்காருறாங்க சார். கேக்காவது கொண்டுவந்தீங்களே" என்று லொத்ஃபியிடம் முறையிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கூஸ்கூஸ் சாப்பாட்டுக்கு எல்லாரும் கூடினார்கள். லொத்ஃபி, தானே தங்கையிடம் சொல்வதாகச் சொல்லியிருந்தான். ரௌதா விடவில்லை. தட்டை வைத்துவிட்டு நின்றபடியே சொன்னாள்:

"எனக்கு வேலையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நான் பொய் சொன்னேன். மன்னிச்சுக்கோங்க."

ஸல்வாவின் கரண்டி நின்றது. "அப்ப இத்தனை நாளா சும்மாவா இருந்தீங்க அண்ணி?"

"ஆமா. ஜோரா சும்மா இருந்தேன்."

"நான் பிள்ளைங்களை யாரோ வீட்ல விட்டுட்டு நெருப்புல நிக்கிற மாதிரி கடையில நிக்கிறேன். நீங்க..."

"செவ்வாய்க்கிழமை மத்தியானம் பசங்களை என்கிட்ட விடு. ஆசையா பாத்துக்கறேன். மத்த நாள் என்னால ஆகாது ஸல்வா. இதை நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். வாய் வரலை."

ஸல்வா எழுந்து, பிள்ளைகளை இடுப்புக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வாசல்வரை போய், திரும்பி வந்து, அவள் பங்குக் கூஸ்கூஸை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு மறுபடி போனாள். அப்புறம் மூன்று செவ்வாய்க்கிழமை வரவில்லை.

சித்தப்பாவுக்கும் சேதி போயிற்று. அவர் அடுத்த சான்றிதழுக்குத் தாமே நகராட்சிக்குப் போனார். வரிசையில் பழைய பள்ளித்தோழன் ஒருவரைக் கண்டுபிடித்து, இப்போது வேலையே இல்லாத நாளிலும் அங்கே போய் உட்காருகிறார் என்று கேள்வி.

ரௌதா சொன்னதைக் கேட்ட துணிச்சலில் நஜியாவும் அண்ணனிடம் உடைத்தாள். ஷாத்லி அடுப்படியில் மிளகாய் பொரித்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "தெரியும்" என்றாராம்.

"எப்பத்திலேருந்து?"

"முதல் வாரமே. கம்பெனியிலேருந்து வீட்டுக்குப் போன் பண்ணினாங்க, ஏதோ கையெழுத்து வேணும்னு. நீயா சொல்றப்ப சொல்லட்டும்னு இருந்தேன். பசியோட சுத்தறியேன்னு ரெண்டு முட்டையா வெச்சேன்."

"நான் அப்பவே சொன்னேன்னு சொல்லலையா?" என்று கேட்டாள் ரௌதா.

"சொன்னாரு, சொன்னாரு. ஒரே ஒரு தடவைதான். அப்புறம் மிளகாய் நெடியில இருமல் வந்துருச்சு" என்றாள் நஜியா. சொல்லும்போது கண் கலங்கியிருந்தது.

ஜூன் பிறந்ததும் ஹம்மாம்லிஃப்பில் கூட்டம் நெரிந்தது. உட்கார இடமில்லை. ஹெடி வந்து இரண்டு பேர் முன்னும் இடுப்பில் கைவைத்து நின்றார். "அம்மா, ஒண்ணு நீங்க மேஜையைக் காலி பண்ணணும், இல்லை கல்லாவுல உட்காரணும். என் மச்சினன் கூட்டல் போட்டா எனக்கு நெஞ்சு வலிக்குது." நஜியா அன்று மத்தியானமே கல்லாவில் உட்கார்ந்துவிட்டாள். கோடை முடியும்வரை என்று பேச்சு. ஒரு வாரத்தில் ஹெடியே அவளிடம் கேட்டுத்தான் சிகரெட் பிடிக்கப் போனார்.

ரௌதாவுக்குப் போன் அதற்கப்புறம்தான் வந்தது. மெக்ரீனில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் ஸுஹா என்ற பெண். அந்த முட்டையோட்டு மேஸ்திரிதான் நம்பர் கொடுத்தானாம். போய்ப் பார்த்தாள். ஸுஹாவுக்கு ரௌதாவைவிடப் பத்து வயது குறைவு, பேச்சில் சுற்றிவளைப்பு இல்லை.

"அங்கேருந்து ஏன் வந்துட்டீங்க?"

"நான் வரலை. அனுப்பிட்டாங்க."

"அப்புறம் இத்தனை மாசம் என்ன பண்ணீங்க?"

ரௌதா ஒரு கணம் யோசித்தாள். இப்படிக் கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று ரீம் போனில் பாடமே நடத்தியிருந்தாள். அது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "கடலைப் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

ஸுஹா சிரித்துவிட்டாள். "எனக்கும் ஒருநாள் அது வேணும். செப்டம்பர்ல வர்றீங்களா?"

"வாரத்துல நாலு நாள்னா வர்றேன். புதன்கிழமை வரமாட்டேன், அது கடலுக்கு. இன்னொண்ணு, என்னைக் குடும்பம்னு மட்டும் சொல்லக்கூடாது."

"சொல்லமாட்டேன். என் குடும்பத்தை நீங்க பாத்தா நீங்களே வேண்டாம்பீங்க."

ஆகஸ்ட் கடைசிப் புதன்கிழமை ரௌதா ஹெடியின் கடையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு கூச்சல் கேட்டது. திரும்பினால் ஸல்வா, தலை கலைந்து, தோளில் பை, இரண்டு கையிலும் பிள்ளைகள். பின்னால் லொத்ஃபி, தண்ணீர் வாளியும் பந்தும் சுமந்துகொண்டு.

ஸல்வா எதிரில் வந்து நின்றாள். முகத்தில் இன்னும் கொஞ்சம் கோபம் ஒட்டியிருந்தது.

"இன்னிக்குக் கடை லீவு" என்றாள். "அண்ணன்தான் வாவான்னு இழுத்துட்டு வந்துட்டான். நான் வரலைன்னேன்."

"வந்துட்டியே. உட்காரு."

"பசங்க..."

"பசங்களை அண்ணன் பாத்துப்பான்" என்றாள் ரௌதா.

லொத்ஃபி, "நானா?" என்றான். ஆனால் அதற்குள் ஒருத்தன் அவன் காலைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் இழுத்தான், இன்னொருத்தன் பந்தை எறிந்துவிட்டு ஓடினான், அவன் பின்னால் ஓடவேண்டியதாயிற்று. ஸல்வா நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலில் நுனியில், பிறகு முழுசாக. நஜியா கல்லாவிலிருந்தே காபி அனுப்பினாள். ஸல்வா அதைப் பாதி குடித்தாள். "கோபமெல்லாம் இல்லை அண்ணி. பொறாமைதான்" என்றாள். அடுத்த வார்த்தை பேசுமுன் தூக்கத்தில் தலை ஒருபக்கம் சாய்ந்தது. ரௌதா அவள் கையிலிருந்த கோப்பையை மெதுவாக எடுத்து மேஜையில் வைத்தாள்.

வெயில் தாழ்ந்தபோது லொத்ஃபி மணலும் வேர்வையுமாக வந்தான். பயல்கள் அவன் சப்பாத்துகளை மணலில் எங்கேயோ புதைத்துவிட்டிருந்தார்கள். ஹெடியும் அவருடைய மச்சினனும் சேர்ந்து தோண்டினார்கள். ஸல்வா விழித்து எழுந்து அவளும் தோண்டினாள். எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டால் ஒருத்தன் கடலைக் காட்டினான், இன்னொருத்தன் மலையைக் காட்டினான். கடைசியில் ஒன்றுதான் கிடைத்தது.

ரயிலில் லொத்ஃபி ஒரு காலில் சப்பாத்தும் ஒரு காலில் வெறும் பாதமுமாக, மடியில் தூங்குகிற பிள்ளையோடு, நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். எதிர் இருக்கைக் கிழவர் அந்தக் காலையே உற்றுப் பார்த்தார்.

"ஒண்ணு தொலைஞ்சுபோச்சா தம்பி?" என்றார்.

"இல்லை ஐயா, ஒண்ணு கிடைச்சுது" என்றான் லொத்ஃபி.

ஸல்வா முதலில் சிரித்தாள். ரௌதா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடக்கிப் பார்த்தாள். வழியிலிருந்த எஸ்ஸஹ்ரா நிலையம் வரைதான் தாங்கியது.